காஞ்சனபுரி: கணக்கில் வராத பிணங்கள்

காஞ்சனபுரி. பெயரைக் கேட்டால் திருத்தணி தாண்டி எங்கோ இருக்கிற கிராமம் மாதிரி தோணும். பஸ் ஏறினால் போய்விடலாம் போல. ஆனால் அது தாய்லாந்தில் இருக்கிறது. பாங்காக்கிலிருந்து மேற்கே சுமார் 130 கிலோமீட்டர். ஒரு மாகாணத்துக்குத் தலைநகர், ஆனாலும் சின்ன ஊர்தான். குவாய் யாய், குவாய் நொய் என்று இரண்டு ஆறுகள் அங்கே ஒன்று சேர்ந்து மே குளோங் ஆறு ஆகின்றன. மாகாணத்தின் மேற்கு ஓரம் முழுக்க பர்மா எல்லை. காடு, மலை, மழை.

இந்த ஊரை உலகம் பூராவும் பிரபலமாக்கியது ஒரு இரும்புப் பாலம். 'குவாய் நதிப் பாலம்' என்றால் வெள்ளைக்காரத் தாத்தாக்களுக்கு உடனே விசில் சத்தம் காதில் கேட்கும். எல்லாம் ஹாலிவுட் படம் செய்த வேலை. இப்போது பாங்காக், பட்டாயா என்று பேக்கேஜ் டூர் போகிற தமிழ்நாட்டு ஜனங்களும் ஒரு நாள் கையில் மிச்சமிருந்தால் காஞ்சனபுரி போகிறார்கள். பாலத்தின் நடுவில் நின்று ஒரு போட்டோ. பொம்மை ரயில் மாதிரி மெதுவாகப் போகிற ரயிலில் ஒரு ரவுண்டு. தேங்காய் ஐஸ்கிரீம். அவ்வளவுதான், திரும்பி வந்தாச்சு.

அந்தப் போட்டோவில் சிரிக்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், காலுக்குக் கீழே இருக்கிற தண்டவாளத்துக்காகப் பல்லாயிரம் தமிழர்கள் செத்தார்கள் என்று? சேலத்திலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வடஆற்காட்டிலிருந்தும் மலாயாவுக்கு ரப்பர் பால் வெட்டப் போன குடும்பங்கள். யாரோ எவரோ இல்லை.

சரி, முதலில் நடந்தது என்ன என்று பார்த்துவிடலாம். தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஆனால் தாண்டிப் போகிறவர்கள் அதிகம் இருக்கமாட்டார்கள், பிரச்சினையே அதுதான்.

1941 டிசம்பர் 8-ல் ஜப்பான் மலாயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூனும் போச்சு. பர்மாவில் இருந்த ஜப்பான் படைக்கு அரிசியும் குண்டும் அனுப்ப வேண்டும். கடல் வழியாக அனுப்பினால் நேசநாட்டு நீர்மூழ்கிகள் கவிழ்க்கின்றன. அப்போதுதான் தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரைக்கும் காட்டைக் கிழித்து 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடுவது என்று முடிவானது. முன்பு பிரிட்டிஷ்காரர்களே இந்த வழியைப் பார்த்துவிட்டு, நமக்கு வேண்டாம் இந்த வம்பு என்று விட்டுவிட்டுப் போன பாதை அது. ஜப்பான்காரன் ஒன்றரை வருஷத்துக்குள் முடித்தான். 1943 அக்டோபர் 17-ல் இரண்டு பக்கத்துத் தண்டவாளமும் சந்தித்தன. அக்டோபர் 25-ல் திறப்பு விழா.

எப்படி முடிந்தது? மெஷினால் இல்லை. மண்வெட்டி, கூடை, உளி, சுத்தியல், அப்புறம் மனுஷன். சுமார் 60,000 போர்க்கைதிகள்: பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, கொஞ்சம் அமெரிக்கர்கள். அவர்களோடு ஆசியத் தொழிலாளர்கள், 1,80,000 பேருக்கு மேல். பர்மியர்கள், மலாய்க்காரர்கள், சீனர்கள், ஜாவாக்காரர்கள், தமிழர்கள். மலாயாவிலிருந்து மட்டும் 75,000 பேர் அளவில் கொண்டுபோனார்கள். அதில் பெரும்பங்கு தோட்டத் தமிழர்கள்.

போர்க்கைதிகளில் செத்தவர்கள் 12,000-க்கு மேல். ஐந்தில் ஒருத்தர். ஆசியத் தொழிலாளர்களில் செத்தவர்கள் 90,000 என்று ஒரு கணக்கு. 80,000 என்று ஒரு கணக்கு. லட்சம் என்றும் ஒரு கணக்கு. எந்தக் கணக்கை எடுத்தாலும் கிட்டத்தட்டப் பாதிப் பேர்.

இரண்டு வரிகளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். போர்க்கைதிகளின் சாவுக்குத் திருத்தமான ஒரு பட்டியல் இருக்கிறது. தொழிலாளிகள் விஷயத்தில் பத்தாயிரம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை. பத்தாயிரம் பேர் என்றால் ஒரு சின்ன டவுன். ஒரு சின்ன டவுனே ஒரு புத்தகத்தில் இருக்கிறது, இன்னொரு புத்தகத்தில் இல்லை!

மொத்தச் சாவையும் மொத்த தூரத்தால் வகுத்துப் பார்த்தால் ஏறத்தாழ நாலு மீட்டருக்கு ஒரு உயிர் வருகிறது. நம்ம ஊர் மின்சார ரயிலில் ஒரு பெட்டியின் நீளத்துக்கு ஐந்து பேர்.

இவ்வளவு பேர் எப்படிப் போனார்கள்? போர் வந்ததும் ரப்பர் ஏற்றுமதி நின்றுபோனது. தோட்டத்தில் வேலை இல்லை, அரிசி இல்லை. துரைமார்கள் ஓடிவிட்டார்கள். அந்த நேரத்தில் ஜப்பான்காரன் வந்து நாளைக்கு ஒரு டாலர் கூலி, மூணு மாசம் வேலை, சாப்பாடு உண்டு, குடும்பத்தையும் கூட்டி வரலாம் என்றான். முதலில் கொஞ்சம் பேர் நம்பிப் போனார்கள். போனவர்கள் திரும்பி வராததும் யாரும் வரத் தயாராக இல்லை. அப்புறம் ஆள் பிடி தொடங்கியது. தோட்டத்துக்கு இத்தனை தலை என்று உத்தரவு. இலவசப் படம் காட்டுகிறோம் என்று கொட்டகைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தி அப்படியே லாரியில் ஏற்றிய கதைகளைத் தப்பிப் பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சரக்கு வண்டியில் நிற்க வைத்து பான் போங் வரை ரயில். அங்கிருந்து மழையில், சேற்றில், பல நாள் நடை. 1943 மே, ஜூனில் மழைக்காலத்தோடு காலராவும் வந்தது.

போர்க்கைதிகளுக்கு அங்கே நரகம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அவர்களிடம் டாக்டர்கள் இருந்தார்கள். அதிகாரிகள் இருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, கக்கூஸ் குழியை இங்கே தோண்டு என்று சொல்லி ஒழுங்கு பண்ண ஆள் இருந்தது. தோட்டத்துத் தமிழனுக்கு அதெல்லாம் யாரும் கிடையாது. பொண்டாட்டி பிள்ளையோடு போனவனும் உண்டு. ஒரு முகாமில் காலரா புகுந்தால் அந்த முகாமே காலி. குழி தோண்டவும் தெம்பு இல்லாமல் கும்பலாகப் போட்டு மூடினார்கள், இல்லையென்றால் எரித்தார்கள்.

இனி காஞ்சனபுரி ஊருக்குள் வருவோம்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் போர்க் கல்லறை. கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள். பச்சைப் பசேல் புல்வெளி, வரிசை தப்பாத கற்கள், ஒவ்வொரு கல்லிலும் பெயர், வயசு, படைப்பிரிவு, வீட்டில் எழுதித் தந்த ஒரு வரி. பார்த்தால் கண் கலங்கும். கலங்கத்தான் வேண்டும். இருபது, இருபத்திரண்டு வயசுப் பையன்கள். ஒரு காலேஜ் வகுப்பில் பெயர் கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

அந்தக் கல்லறைக்கு ஒட்டினாற்போல வாட் தாவோர்ன் வராராம் என்று ஒரு பௌத்தக் கோயில். ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்து வைத்திருப்பது அங்கேதான். மொத்தமாக. யார் தமிழன், யார் ஜாவாக்காரன், யார் மலாய்க்காரன், ஆணா பெண்ணா, எந்தத் தோட்டம், எதுவும் தெரியாது. 1990-ல் ஊருக்குப் பக்கத்தில் நிலத்தைத் தோண்டும்போது ஒரு பெரிய புதைகுழியே கிடைத்தது. நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள். போர் முடிந்து நாற்பத்தைந்து வருஷம் வரைக்கும் அங்கே ஒரு குழி இருந்ததே உலகத்துக்குத் தெரியவில்லை.

ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஆளுக்கொரு கல். அந்தப் பக்கம் பல ஆயிரம் பேருக்கு ஒரு குவியல். காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை. ஒரு பக்கத்தில் ஒவ்வொரு பற்றும் தனித்தனி பேரேட்டில் ஏறியிருக்கிறது. இன்னொரு பக்கத்தில் 'இதர செலவுகள்' என்று ஒரே வரியில் முடித்தாகிவிட்டது.

ஊரில் ஒரு மியூசியம் உண்டு, 1977-ல் ஒரு பௌத்த மடத்தில் தொடங்கியது. பெயர் 'ஜீத்'. ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, தாய்லாந்து, ஹாலந்து ஆகிய நாடுகளின் ஆங்கில முதல் எழுத்துக்களைச் சேர்த்து வைத்த பெயர். செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வந்தது மலாயா, பர்மா, ஜாவாவிலிருந்து. அந்த மூன்று நாட்டுக்கும் பெயரில் ஒரு எழுத்து கூடக் கிடையாது. இந்தியாவுக்கும் கிடையாது.

அப்புறம் அந்தப் படம். பியர் பூல் 1952-ல் பிரெஞ்சில் எழுதிய நாவல், டேவிட் லீன் 1957-ல் எடுத்தார், ஏழு ஆஸ்கர். எடுத்த இடம் தாய்லாந்து இல்லை. இலங்கையில், களனி ஆற்றங்கரையில், கித்துல்கல. அங்கிருந்து மேலே ஏறினால் ஹட்டன், தேயிலைத் தோட்டம், கங்காணி கூட்டிவந்த தமிழர்களின் லயங்கள். மலாயாவில் எப்படியோ அங்கேயும் அப்படியே. 1948-ல் குடியுரிமையைப் பறிகொடுத்துவிட்டு நின்ற ஜனங்கள். அந்தக் காட்டோரத்தில் நின்றுகொண்டு மரண ரயில் பற்றிப் படம் எடுத்தார்கள், அதில் தண்டவாளம் போடுகிற ஒரு தமிழன் கூட இல்லை!

இன்னொரு கூத்து. நிஜத்தில் பாலம் இருந்தது மே குளோங் ஆற்றின் மேல். படத்தைப் பார்த்துவிட்டு வந்த டூரிஸ்டுகள் எல்லாம் 'குவாய் எங்கே, குவாய் எங்கே' என்று கேட்டார்கள். 1960 வாக்கில் தாய்லாந்து அரசு ஆற்றின் அந்தப் பகுதிக்குப் பெயரையே குவாய் யாய் என்று மாற்றிவிட்டது. ஒரு சினிமாவுக்காக ஒரு ஆற்றின் பெயரை மாற்ற முடிந்திருக்கிறது. செத்த தொழிலாளியின் பெயரைக் கண்டுபிடிக்கத்தான் முடியவில்லை.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு குரல் எழும். 'பார்த்தீங்களா, வெள்ளைக்காரன் புத்தி. தன் ஆளுக்கு மட்டும் கல்லறை கட்டிக்கொண்டான்.'

பாதி உண்மை. ஆனால் மீதிப் பாதியைப் பேசாமல் இதை மட்டும் பேசுவது சௌகரியமான கோபம். போர் முடிந்ததும், 1945 செப்டம்பர்-அக்டோபரிலேயே, ஒரு குழு அந்தப் பாதை முழுக்கப் போய்த் தங்கள் ஆட்களின் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட புதைகுழிகளைக் கண்டுபிடித்தது. எப்படி முடிந்தது? கைதிகள் உள்ளே இருக்கும்போதே பட்டியல் எழுதி வைத்திருந்தார்கள். யார், எந்த தேதி, எந்த முகாம், எந்தக் குழி. மாட்டினால் உதை என்று தெரிந்தும் எழுதினார்கள். மூங்கிலுக்குள் ஒளித்தார்கள், பாட்டிலில் போட்டுப் புதைத்தார்கள். 'இவன் பெயர் தொலைந்து போகக் கூடாது' என்று அவர்களில் யாரோ ஒருத்தன் முடிவு பண்ணினான். கல்லறை அந்தப் பட்டியலிலிருந்து வந்தது.

தமிழனுக்கு அந்தப் பட்டியலை யார் எழுதியிருக்க வேண்டும்? கூலிக்காரனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, விடுங்கள். தோட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் கிராணி. அவரும் நம்ம ஆளுதான். துரை ஓடிப்போன பிறகு பல தோட்டங்களில் 'இவனை அனுப்பு, அவனை அனுப்பு' என்று ஜப்பான்காரனுக்குப் பெயர் எழுதிக் கொடுக்கிற வேலை கிராணி, கங்காணி தலையில் விழுந்தது. அவர்களுக்கும் கழுத்தில் கத்திதான். ஆனால் கேள்வி அது இல்லை. அனுப்பும்போது எழுதத் தெரிந்த பெயர், வராமல் போனபோது ஏன் எழுதப்படவில்லை?

அடுத்த குரல்: 'தமிழன் பெருமையைப் பேசலாமே, ஏன் இந்த அழுகைக் கதை?'

பேசலாம். தாராளமாகப் பேசலாம். 1025-ல் ராஜேந்திர சோழன் கப்பல் படையோடு போய் கடாரத்தை வென்றான். எல்லாருக்கும் தெரியும். மேடைக்கு மேடை, பட்டிமன்றத்துக்குப் பட்டிமன்றம். அந்தக் கடாரம் எங்கே இருக்கிறது? இன்றைய மலேசியாவின் கெடா மாநிலம் என்றுதான் பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதே கெடாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்தும்தான் 1942-லும் 1943-லும் தமிழர்களை லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். ஒரே மண். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஜெயிக்கப் போன தமிழன் எல்லாருக்கும் சொந்தக்காரன். எண்பது வருஷத்துக்கு முன்னால் சாகப் போன தமிழன் யாருக்கும் சொந்தம் இல்லை.

நேதாஜி விஷயமும் அப்படித்தான். இந்திய தேசிய ராணுவத்தில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள், ஜான்சி ராணி படையில் பெண்கள் சேர்ந்தார்கள். பெருமைதான், மறுப்பே இல்லை. நேதாஜி சிங்கப்பூர் வந்து சேர்ந்தது 1943 ஜூலை. அதே ஜூலையில் அதே தோட்டங்களிலிருந்து போனவர்கள் எல்லைக் காட்டில் காலராவில் செத்துக்கொண்டிருந்தார்கள். படையில் சேர்ந்தால் ரயில் வேலைக்குப் பிடித்துப் போகமாட்டார்கள் என்பதற்காகவே சேர்ந்தவர்களும் உண்டு. முதல் பாதியைச் சொல்கிற யாரும் இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை. வீரத்துக்கு வாரிசு ஆகிறது ரொம்ப சுலபம்.

இன்னொரு குரல்: 'பழைய கதை சார். ஆச்சு, எல்லாரும் போயாச்சு.'

பழைய கதைதான். ஆனால் கணக்கு முடிக்கப்படவே இல்லையே. மூன்று பதிவுகளைப் பாருங்கள்.

ஒன்று. போருக்குப் பிறகு தாய்லாந்துக்குள் இருந்த பாதையை பிரிட்டன் தாய்லாந்து அரசுக்கு விற்றது. 1946-ல், 12.5 லட்சம் பவுன். அந்தத் தண்டவாளமும் வண்டிகளும் பெரும்பாலும் மலாயா, பர்மா, ஜாவா ரயில்வேக்களிலிருந்து ஜப்பான்காரன் பிடுங்கி வந்தவை. பணம் அந்த ரயில்வேக்களின் நஷ்டக் கணக்குக்குத்தான். தண்டவாளத்துக்கு ஒரு சொந்தக்காரன் இருந்தான், அவனுக்கு நஷ்ட ஈடு. தண்டவாளம் போட்டவனுக்கு?

இரண்டு. பிரிட்டிஷ் போர்க்கைதிகளுக்கு 1950-களில் ஜப்பான் சொத்துக்களிலிருந்து ஆளுக்கு 76 பவுன் சொச்சம் கிடைத்தது. அது போதாது என்று அவர்கள் ஐம்பது வருஷம் போராடினார்கள். 2000-ல் பிரிட்டிஷ் அரசே உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 10,000 பவுன் கொடுத்தது. விடாமல் கேட்டார்கள், கிடைத்தது.

மூன்று. 1967 செப்டம்பரில் மலேசியாவும் ஜப்பானும் ஒரு ஒப்பந்தம் போட்டன. 'ரத்தக் கடன்' என்று பேர். மதிப்பு 2.5 கோடி மலேசிய டாலர். பணமாக இல்லை, கப்பலாக வந்தது. இரண்டு சரக்குக் கப்பல்கள். மலேசியாவின் கப்பல் நிறுவனம் அதை வைத்துத்தான் தொழில் தொடங்கியது. நல்ல முதலீடு. ஆனால் ரயில் பாதையில் புருஷனைப் பறிகொடுத்த தோட்டத்து விதவை அந்தக் கப்பலை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

நாளைக்கு ஒரு டாலர் கூலி என்றார்களே, அந்தக் கூலியாவது முழுசாக வந்ததா என்றால் அதுவும் இல்லை. திரும்பி வந்தவர்கள் கையில் இருந்த ஜப்பான் நோட்டு 1945-ல் வெறும் காகிதம் ஆகிவிட்டது. வாழை மரம் போட்ட அந்த நோட்டை இப்போது நாணயம் சேர்க்கிறவர்கள் வாங்குகிறார்கள்.

இதில் மனசை ரொம்பக் குடைகிற விஷயம் ஒன்று உண்டு. காஞ்சனபுரியில், பாலத்துக்குப் பக்கத்தில், செத்தவர்களுக்காக ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. 1944-ல் கட்டியது. கட்டியது யார்? ஜப்பான் ராணுவம். அதில் பல மொழிகளில் கல்வெட்டு. தமிழிலும் உண்டு. அடித்துக் கொன்றவன் கூட 'செத்ததில் தமிழன் உண்டு' என்று போர் முடியும் முன்னாலேயே தமிழ் எழுத்தில் பொறித்து வைத்துவிட்டான். அதன் பிறகு அந்த ஊரில் சொந்த ஜனங்கள் ஒரு கல் வைக்க எத்தனை பத்தாண்டுகள் ஆயின?

நியாயமாகச் சொன்னால் மலேசியத் தமிழர்கள் சும்மா இருக்கவில்லை. ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலை 1993-ல் கொண்டுவந்தார். அ. ரெங்கசாமி 2005-ல் 'நினைவுச் சின்னம்' எழுதினார். பிழைத்து வந்தவர்களைத் தேடிப் போய்ப் பேச்சைப் பதிவு செய்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முயற்சியால் அண்மை ஆண்டுகளில் காஞ்சனபுரியில் ஒரு நடுகல்லும் எழுந்திருக்கிறது. வணங்க வேண்டிய வேலை. ஆனால் இந்த வேலை முழுக்க மலேசியாவின் சாதாரணத் தோட்டத்துப் பிள்ளைகள் தலையிலேயே விழுந்ததுதான் வெட்கம். கடலுக்கு இந்தப் பக்கம் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, வரலாற்றுத் துறைகள் இருக்கின்றன, அந்தக் குடும்பங்கள் கப்பல் ஏறிய கிராமங்களும் இங்கேதான் இருக்கின்றன. 'எங்க தாத்தாவோட அண்ணன் மலாயா போனார், அப்புறம் ஒரு சேதியும் இல்லை' என்று சொல்கிற வீடுகள் இன்றைக்கும் எத்தனையோ ஊரில் உண்டு. அந்த வீடுகளின் கதவை யாராவது தட்டினார்களா?

'சரி, அதுக்கும் அயனம்பாக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது.

அயனம்பாக்கம் ஏரியைச் சுற்றி, அத்திப்பட்டு, நொளம்பூர், திருவேற்காடு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கட்டடம் ஏறிக்கொண்டிருக்கிறது. கட்டுகிறவர்கள் பீகார், ஒடிசா, வங்காளம், ஜார்கண்ட். தகரக் கொட்டகையில் பத்துப் பேர். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளுக்கு ஷிப்டு மாறும்போது சைக்கிளில் போகிற கூட்டத்தில் பாதி அவர்கள்தான். கூட்டி வருகிறவனுக்கு இப்போது கங்காணி என்று பேர் இல்லை, கான்ட்ராக்டர் என்று பேர். கீழே மேஸ்திரி. தெருவில் அவர்களுக்கு இருக்கிற ஒரே பெயர் 'வடக்கன்'. ராம், ஷியாம், முகமது என்று ஆளுக்கொரு பெயர் இருப்பது யாருக்கும் தேவையில்லை. மலாயாவில் தமிழனுக்கும் அப்படித்தான் ஒரே பெயர் இருந்தது: கூலி.

2014 ஜூன் 28. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழையில் சரிந்தது. செத்தவர்கள் 61 பேர். ஆந்திராவிலிருந்து, ஒடிசாவிலிருந்து, தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள். அந்த முதல் ராத்திரியில் எல்லாரும் கேட்ட கேள்வி: உள்ளே எத்தனை பேர்? சட்டென்று பதில் சொல்ல ஆள் இல்லை. 2014-ல், செல்போன் காலத்தில், சென்னைக்கு உள்ளே! வெளிமாநிலத் தொழிலாளியின் பெயரைப் பதிந்து அவன் கையில் ஒரு கைப்புத்தகம் தர வேண்டும் என்று 1979-லேயே சட்டம் வந்தது.

எல்லைக் காடும் மௌலிவாக்கமும் ஒன்று என்று யாரும் சொல்லவில்லை. அது அடிமை வேலை, போர்க்குற்றம். இது விபத்து, அலட்சியம். தராசில் இரண்டும் ஒன்றில்லை. ஆனால் ஒரு விஷயம் ஒன்றுதான். உயிரோடு இருக்கும்போது பெயர் எழுதாதவனுக்குச் செத்த பிறகு கல் கிடைக்காது. 'சுமார் இத்தனை பேர்' என்றுதான் எழுதுவார்கள். வெளிமாநிலத்தான் மேல் வாட்ஸ்அப்பில் வன்மம் கக்குகிறவர், அடுத்த நிமிஷமே 'திரைகடல் ஓடிய தமிழன்' என்று மீசை முறுக்கினால், அவர் எந்தத் தமிழனைப் பற்றிப் பேசுகிறார் என்று அவருக்கே தெரியாது. திரைகடல் ஓடிய தமிழர்களில் பெரும்பாலோர் அந்த ஊர்க்காரர்கள் கண்ணுக்கு அப்போதைய 'வடக்கன்'தான்.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? பெரிய சிலையும் விழாவும் வேண்டாம். எண்பது ஆண்டு கடந்துவிட்டது. அந்தப் பாதையில் மண் சுமந்தவர்களில் இன்று எஞ்சியிருப்பவர்களை விரலில் எண்ணிவிடலாம். அப்பாவை லாரியில் ஏற்றியதைக் குழந்தையாகப் பார்த்தவர்களே இப்போது எண்பது தாண்டியவர்கள். இன்னும் பத்து வருஷம் போனால் கேட்பதற்கு ஆளே இருக்காது. அதற்குள் செய்ய வேண்டியது ஒரு குமாஸ்தா வேலை: பட்டியல். எந்தத் தோட்டம், என்ன பெயர், எந்த வருஷம் போனார், தமிழ்நாட்டில் சொந்த ஊர் எது. மலேசியாவில் மிச்சமிருக்கிற தோட்டப் பதிவேடுகள், இங்கே வீடுகளில் கிடக்கிற பழைய கடிதங்கள், கிழவிகளின் ஞாபகம். தமிழ்நாட்டு அரசும் பல்கலைக்கழகங்களும் மலேசிய அமைப்புகளோடு உட்கார்ந்தால் நடக்கிற வேலைதான். முழுசாக வராது. ஆயிரம் பெயர் வந்தால் கூட ஆயிரம் பெயர் லாபம்.

காஞ்சனபுரி போகிறவர்கள் போகட்டும். பாலத்தில் போட்டோவும் எடுக்கட்டும், தப்பில்லை. ஆனால் ஆங்கிலக் கல்லறையைப் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறாமல், ஒட்டியிருக்கிற அந்தக் கோயிலுக்கும் பத்து நிமிஷம் போகட்டும். அங்கே படிப்பதற்குப் பெயர் எதுவும் இருக்காது. தங்கள் வீட்டில் மலாயா போய்த் திரும்பாத ஆள் யாராவது இருந்தால், அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதி அங்கே வைத்துவிட்டு வரட்டும். பட்டியல் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.